கார் எடுக்காமல் கும்பகோணமும் தஞ்சையும்: குடும்பத்தோடு மூன்று நாள்

சோழ நாட்டுக் கோயில்களைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "வண்டிக்கு என்ன ரேட்?" என்றுதான். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். வெளியூர் வாடகைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று பில் போடுவது இங்கே பரவலான வழக்கம். ஓட்டுநர் பேட்டாவும் டோலும் அதற்கு மேல். கும்பகோணத்தில் தங்கினால் தாராசுரம் 4 கி.மீ., சுவாமிமலை ஏழெட்டு, கங்கைகொண்டசோழபுரம் 35 சொச்சம், தஞ்சாவூர் 40. போக வர எல்லாம் சேர்த்து மூன்று நாளில் 200 கி.மீ. தாண்டாது. பில்லோ 750 கி.மீ.க்கு வரும்.

பணம் ஒரு பக்கம். கார் இல்லாமல் போய் அவதிப்பட்டவர்களை விசாரித்தால் பஸ் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் குறைவு. பெட்டியை எங்கே வைப்பது, தூங்கி விழும் குழந்தையை எங்கே கிடத்துவது, இறங்கிய இடத்திலிருந்து கோயில் வாசல்வரை தாத்தாவை எப்படிக் கூட்டிப்போவது என்பதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். வாடகைக் கார் இந்த வேலைகளையெல்லாம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. காரை விடுகிறோம் என்றால் அந்த வேலைகளுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

தாத்தா (66), பாட்டி (61), கணவன், மனைவி, 8 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், சென்னையிலிருந்து கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

டிக்கெட்: ஒன்றாகப் போட்டால் கீழ்ப்படுக்கை போகும்

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு இப்போது இல்லை. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜனவரி 14-க்கு வேண்டுமென்றால் நவம்பர் 15 காலை 8 மணி. விடுமுறைக் காலத்தில் எட்டரைக்கு உட்கார்ந்தால் காத்திருப்புப் பட்டியல்தான்.

இங்கே குடும்பங்கள் செய்யும் பெரிய தப்பு, ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம் என்பதால் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிடுவது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உரியது. தனியாகவோ, தகுதியுள்ள இருவர் ஒரே டிக்கெட்டிலோ பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். மகனையும் பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்த நிமிடமே அந்த ஒதுக்கீடு போய்விடும். எல்லோரும் பொது ஒதுக்கீட்டில் விழுந்து, மூட்டுவலிப் பாட்டிக்கு மேல்படுக்கை வந்தாலும் வரும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. இந்த ஒதுக்கீடு நிற்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பலர் இதைத் தொடுவதே இல்லை.

எனவே தாத்தா, பாட்டி டிக்கெட்டை முதலில் தனியாகப் போடுங்கள். எந்தப் பெட்டி என்று உடனே தெரிந்துவிடும். பிறகு மற்றவர்களுக்குப் போடும்போது, ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்தில் விரும்பும் பெட்டி எண் கேட்கும் கட்டத்தில் அதே எண்ணைக் கொடுங்கள். உத்தரவாதம் இல்லை; ஆனால் முதல் பத்து நிமிடத்துக்குள் போட்டால் பெரும்பாலும் ஒரே பெட்டியில் அமையும். முன்பதிவு நாளின் முதல் வேலை பெரியவர்கள் டிக்கெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

4 வயதுப் பிள்ளைக்குப் படுக்கை வேண்டாமென்றால் கட்டணம் இல்லை. 5 முடிந்து 12 ஆகாத பிள்ளைக்குப் படுக்கை கேட்டால் முழுக்கட்டணம், வேண்டாமென்றால் பாதி. இரவு வண்டியில் அந்தப் பாதியை மிச்சம் பிடிக்காதீர்கள். 8 வயதுப் பையனோடு ஒரே படுக்கையில் படுத்தவர் மறுநாள் காலையில் கோயில் பார்க்கிற நிலையில் இருக்கமாட்டார். பகல் வண்டியில் உட்காரும் வகுப்புக்குப் பாதிக்கட்டண வசதியே கிடையாது.

இ-டிக்கெட் முழுக்கக் காத்திருப்பில் நின்றால் பட்டியல் தயாரானதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு உறுதியாகி ஒருவர் காத்திருப்பில் நின்றால் ரத்தாகாது. குடும்பம்தான் பிளாட்பாரத்தில் இரண்டாகும். அப்படி ஒரு டிக்கெட் கையில் இருந்தால் கடைசி நாள்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், பகலில் போகும் சோழன் எக்ஸ்பிரஸில் இடம் பாருங்கள். அதுவும் கும்பகோணம் வழிதான். தட்கல் கடைசி வழி: பயணத்துக்கு முந்தின நாள் காலை ஏ.சி.க்கு 10 மணி, ஏ.சி. இல்லாததற்கு 11 மணி. ஒரு டிக்கெட்டில் நாலு பேர்தான். 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கில் மட்டுமே ஆன்லைனில் எடுக்க முடியும். ஆதார் இணைப்பை அன்று காலையில் ஆரம்பிக்காதீர்கள்.

டிக்கெட்டில் ஏறும் நிலையத்தையும் ஒரு தடவை வாசியுங்கள். எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து கிளம்பும்படி மாற்றுவதுண்டு. பஸ்ஸில் போகிறவர்களும் கோயம்பேட்டை மறக்க வேண்டியதுதான். தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. வடசென்னையில் இருப்பவர்களுக்குக் கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே தனிப் பயணம். பெரியவர்கள் இருந்தால் ரயில்தான் நல்லது.

லாட்ஜ்: போனில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு வண்டியில் ஏறினால் விடிவதற்கு முன்பே கும்பகோணத்தில் இறக்கிவிடும். அந்நேரத்தில் ஆறு பேரும் பெட்டிகளுமாக வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். அறை போடும்போது "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" என்று கேளுங்கள். 24 மணிக் கணக்கென்றால் காலை 5 மணிக்கே அறை கிடைக்கும். ஆனால் கிளம்பும் நாளிலும் 5 மணிக்குக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. 12 மணிக் கணக்கென்றால் விடியற்காலையில் உள்ளே விடக் கூடுதலாகக் கேட்பார்கள், அல்லது காத்திருக்கச் சொல்வார்கள். திரும்பும் வண்டியும் இரவில்தான் என்பதால் எந்தக் கணக்கிலும் ஒரு முனை இடிக்கும். இரண்டு அறை எடுத்துக் கடைசி நாள் ஒன்றை மட்டும் இரவுவரை வைத்துக்கொள்வதுதான் நாங்கள் பெரும்பாலும் சொல்லும் வழி. அந்த ஓர் அறைதான் அன்றைக்கு உங்கள் கார்: பெட்டி அங்கே, பாட்டியின் மதியத் தூக்கம் அங்கே, கிளம்பும் முன் குளியல் அங்கே.

மூன்று நாளும் ஒரே ஊரில் தங்குங்கள். தஞ்சையில் ஒரு நாள், கும்பகோணத்தில் ஒரு நாள் என்று பிரித்தால் பெட்டியோடு பஸ் ஏற வேண்டிவரும். பஸ்ஸில் மேல் தட்டு குறுகல். சக்கரம் வைத்த பெரிய பெட்டி அதில் ஏறாது, நடைபாதையில்தான் நிற்கும், ஏறுகிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் போவார்கள். ஆறு பேருக்கு நாலு பை போதும், எல்லாமே தோளில் மாட்டுகிற பைகளாக இருக்கட்டும்.

நடை சாத்தும் நேரம்தான் பஸ் ஏறும் நேரம்

இந்தப் பக்கத்துக் கோயில்கள் பொதுவாக மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறக்கின்றன. காரில் போகிறவர்கள் இதை மறந்தாலும் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் காத்திருப்பார்கள். பஸ்ஸில் வந்தவர்களுக்கு அந்த மரத்தடி மட்டும்தான். நடை திறந்தே இருந்தாலும் பெரிய கோயில் கல்தரையில் மதியம் வெறுங்காலை வைக்க முடியாது. பிள்ளைகள் விரிப்பு போட்ட இடத்திலிருந்து நிழலுக்கு ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவில் பயணம் அல்லது தூக்கம்.

முதல் நாள் காலை எதுவும் வேண்டாம். குளியல், டிபன், டிகிரி காபி, தூக்கம். மாலை 4 மணிக்குத் தாராசுரம், பிறகு சுவாமிமலை. இந்த அரை நாளுக்கு ஆட்டோ நல்லது. ஓர் ஆட்டோவில் மூன்று பேர்தான் கணக்கு, ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ. "ரெண்டு கோயில், காத்திருக்கிறதும் சேர்த்து, திரும்ப லாட்ஜ்ல இறக்கிவிட எவ்வளவு?" என்று முழுசாகக் கேட்டுப் பேசிவிடுங்கள். போகிற தொகையை மட்டும் பேசினால் தகராறு காத்திருப்பில்தான் வரும். சுவாமிமலையில் 60 படி, தமிழ் வருஷங்கள் அறுபதின் பெயரில். தாத்தா ஏறுவாரா என்பதை லாட்ஜிலேயே முடிவு செய்யுங்கள்.

தாராசுரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். யானையும் காளையும் முட்டி நிற்கும் சின்னச் சிற்பம் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் தலை ஒன்றுதான். காளையின் உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை, யானையின் உடலை மறைத்தால் காளை. கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் பெரியவர்கள் அரைமணி நேரம் நிம்மதியாகச் சுற்றலாம்.

இரண்டாம் நாள் தஞ்சாவூர். காலையில் கும்பகோணத்துக்குள்ளேயே ஒரு கோயில், சாப்பாடு, ஒன்றரை மணிக்கு பஸ். மூன்று மணிக்கு அரண்மனை, நாலரைக்குப் பெரிய கோயில். 216 அடி விமானத்தில் சாயங்கால வெயில் விழும் நேரம் அதுதான். பஸ் ஏறும்போதே "பழைய ஸ்டாண்டு போகுமா?" என்று கேளுங்கள். அரண்மனையும் கோயிலும் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கம். புதிய பேருந்து நிலையம் திருச்சிப் பக்கமாகச் சில கி.மீ. தள்ளி. தெரியாமல் அங்கே இறங்கினால் மறுபடி டவுன் பஸ் பிடித்து உள்ளே வர வேண்டும்.

ரயிலிலும் போகலாம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். முன்பதிவில்லா டிக்கெட்டை வைத்துக்கொண்டு "பகல்தானே" என்று ஸ்லீப்பர் பெட்டியில் ஏறாதீர்கள். பிடிபட்டால் ஆளுக்குக் குறைந்தது 250 ரூபாய் அபராதம், கட்டணம் தனி.

மூன்றாம் நாள் காலை கங்கைகொண்டசோழபுரம். அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பஸ். ஏழு மணிக்குள் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். கடைகள் குறைவு, தண்ணீரும் பிள்ளைகளுக்குத் தின்பண்டமும் கையில் இருக்கட்டும். இதை மாலையில் வைக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், திரும்பும்போது பஸ்ஸில் நடுவழியில் ஏற வேண்டியிருப்பது. கும்பகோணத்தில் புறப்படும் இடத்தில் ஏறினால் இடம் கிடைக்கும். ஜெயங்கொண்டத்திலிருந்து நிரம்பி வரும் பஸ்ஸில் சாலையோரத்தில் நின்று ஏறினால் நின்றுகொண்டுதான் வர வேண்டும், அதுவும் இருட்டில்.

பஸ்ஸுக்குள்

வாந்தி வரும் பிள்ளையைப் பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையிலோ கடைசி வரிசையிலோ உட்காரவைக்காதீர்கள். பள்ளம் ஒவ்வொன்றும் அங்கேதான் தூக்கிப்போடும். முன்பாதியில், சன்னலோரம். 'ஒன் டு ஒன்' பலகை வைத்த வண்டி இடையில் நிற்காது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் நடத்துநரிடம் அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சை போகும் புறநகர் வண்டிகளுக்கு இது பொருந்தாது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம்.

தேதி குறிப்பதற்கு முன் வீட்டுத் தினசரிக் காலண்டரை ஒருமுறை புரட்டுங்கள். முகூர்த்த நாளென்றால் கும்பகோணத்தில் லாட்ஜும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. பிரதோஷ மாலையில் பெரிய கோயில் நந்தியைச் சுற்றி நிற்கவே இடமிருக்காது. அபிஷேகம் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அதுவே சரியான நாள், சிற்பம் பார்க்க வருகிறீர்கள் என்றால் வேறு நாள்.

கார் எடுத்தே ஆக வேண்டிய பயணங்களும் உண்டு. சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார், கைக்குழந்தை இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்ப்பதற்கு வழித்தடப் பேருந்துகளை நம்ப முடியாது. ஆனால் அதற்கும் அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து வார இறுதிச் சிறப்புப் பேருந்து விட ஆரம்பித்தது. கார் பேசுவதற்கு முன் அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும் இரவு, வண்டி கும்பகோணத்தில் சில நிமிடங்களே நிற்கும். உங்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பதை முன்னாடியே பலகையில் பார்த்தோ போர்ட்டரிடம் கேட்டோ பெரியவர்களை அந்த இடத்திலேயே உட்காரவையுங்கள். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடக்கூடாது. பைகளை ஒருவர் முதலில் ஏற்றட்டும், பிறகு தாத்தா, பாட்டி, பிள்ளைகள். கடைசியாக ஏறுகிறவர் கையில் எதுவும் இருக்கக்கூடாது.