துரோகம், இரண்டகம், அறைபோதல்

போர் நடக்கும்போதே அணி மாறிய தளபதி யாரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் நம் வாயில் முதலில் வருவது 'துரோகி'. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் சொல்லுக்கு மொழி வேலியே கிடையாது. தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு எல்லாவற்றிலும் அதே துரோகம்தான். உருது பேசும் தெருவில் மட்டும் 'நமக்ஹராம்' என்பார்கள், தின்ற உப்புக்குக் கேடு செய்தவன் என்று.

துரோகம் வடசொல். 'த்ருஹ்' என்ற வேரிலிருந்து 'த்ரோஹ' வந்தது. தீங்கு நினைத்தல், பகைத்தல், வஞ்சித்தல் எல்லாம் அதில் அடக்கம். பரந்த சொல் என்பதாலேயே யார் மீது வேண்டுமானாலும் வீசிவிடுகிறோம்.

இதற்கு ஈடான தமிழ்ச் சொல் இரண்டகம். இரண்டு + அகம். அகம் என்றால் மனம். வெளியே ஒரு மனம், உள்ளே ஒரு மனம். 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே' என்பது பழமொழி. மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மண்டிப் பக்கம் போனால் இந்தச் சொல் இன்னும் உயிரோடு காதில் விழும். ஒரு மண்டியில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, விலை ஏறியதும் வண்டியை அடுத்த மண்டிக்குத் திருப்பிய ஒருவரைப் பார்த்து அங்கிருந்த பெரியவர் கேட்டார்: "ஏம்ப்பா, அவசரத்துக்குக் காசு குடுத்தவனுக்கே ரெண்டகம் பண்ணலாமா?"

ஆக, மறைவு இல்லாமல் இரண்டகம் இல்லை. பக்கம் மாறியது மட்டும் போதாது. ஒரு பக்கம் இருந்துகொண்டே மறுபக்கத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். எங்கள் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. ஹைதராபாத் நிஜாம் அலி கான் 1766-இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்தார். 1767-இல் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை துணைக்கு வர, மைசூர் மேல் கிளம்பினார். அதே பாளையத்திலிருந்தே ஹைதர் அலியோடு மறைவில் பேச்சும் நடந்தது. சந்தேகம் தட்டிய ஸ்மித் தன் படையில் பெரும்பகுதியை விலக்கிக்கொண்டார். ஆகஸ்டில் ஹைதரும் நிஜாமும் சேர்ந்து இறங்கிவந்து, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் உள்ள காவேரிப்பட்டணம் கோட்டையை இரண்டே நாளில் பிடித்தார்கள். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் அடி விழுந்தபின், 1768 பிப்ரவரியில் மசூலிப்பட்டின உடன்படிக்கையோடு நிஜாம் மறுபடி கம்பெனிப் பக்கம். முதல் மாற்றம் சந்தேகமில்லாமல் இரண்டகம்.

மதுரை யூசுப் கானின் கதை வேறு. கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவராக உயர்ந்தவர் அவர். 1758-59-இல் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அந்தப் படைக்கு வரும் பொருள்களை மறித்து ஓயாமல் தொல்லை கொடுத்தார். பிறகு மதுரை ஆட்சி அவர் கைக்கு வந்தது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி அவரைத் தனக்குக் கீழ்ப்படுத்தப் பார்த்தார். கம்பெனி நவாப் பக்கம் நின்றது. 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. கம்பெனி அவரைக் கலகக்காரர் என்றது. அவர் கம்பெனியை விட்டு மாறியது உண்மை. ஆனால் ஊரறியக் கொடி ஏற்றிவிட்டுப் போர் செய்தவரை இரண்டகன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சொல் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குத்தான் பொருந்தும். 1763-இல் நடந்த முற்றுகை பலிக்கவில்லை. 1764-இல் மேஜர் சார்லஸ் கேம்பெல் வந்து கோட்டையைத் தாக்கியும் நுழைய முடியவில்லை. வழிகளை அடைத்து உட்கார்ந்தார். உள்ளே உணவு தீர்ந்தது. அக்டோபரில், யூசுப் கான் தொழுகையில் இருந்தபோது, அவரிடம் வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷாந்தும் திவான் சீனிவாச ராவும் ஆள் சேர்த்து அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள்.

இப்படிப் படையே உள்ளுக்குள் விலைபோவதற்குத் தமிழில் தனிச்சொல் உண்டு: அறைபோதல். இரண்டகம் அளவுக்கு இது பேச்சில் இல்லாதது பெரிய இழப்பு. 'அழிவின்று அறைபோகா தாகி வழிவந்த வன்க ணதுவே படை' என்பது படைமாட்சிக் குறள். 'பகைவரால் கீழறுக்கப்படாததாய்' என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. கீழறுப்பது என்றால் வெளியிலிருந்து இடிக்காமல் அடியிலிருந்தே அறுத்துவிடுவது. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைக் காதையில் 'அறைபோகு குடிகள்' வருகிறார்கள். தம் அரசனை விட்டுப் பகைவனோடு கூடிய குடிமக்கள். மதுரைக் கோட்டை பீரங்கிக்கு விழவில்லை, அறைபோனதால் விழுந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

எழுதும்போது நான் இப்படித்தான் பிரிக்கிறேன். வெளிப்படையாகப் பக்கம் மாறினால் 'அணி மாறினார்'. கூடவே இருந்து கெடுத்தால் 'இரண்டகம் செய்தார்'. ஆளைக் குறிக்க 'இரண்டகன்'. பகைவனின் காசுக்கோ பேச்சுக்கோ படையும் அதிகாரிகளும் இணங்கிவிட்டால் 'அறைபோயினர்'. தேர்தல் நேரத்தில் துண்டை மாற்றிப் போட்டுக்கொள்பவர்களுக்கு முதல் சொல்லே போதும். பழைய கட்சியில் இருந்தபடியே புதிய கட்சிக்கு வேலை பார்த்தவர் என்றால் இரண்டாவதைத் தாராளமாக எழுதலாம்.