தாடைச் சத்திரசிகிச்சைக்கு முன் நித்திரை கெட்டால் கம்பியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் எனது பற்சீரமைப்புக் கிளினிக்குக்கு வருபவர்களில் ஒரு பகுதியினருக்குக் கம்பி மட்டும் போதாது. கீழ்த்தாடை சிறுத்துப் பின்னால் நிற்கும், அல்லது நாடி முன்னுக்கு வளர்ந்து கீழ்ப்பற்கள் மேற்பற்களைத் தாண்டி நிற்கும். வளர்ச்சி முடிந்த ஒருவருக்குப் பல்லை எவ்வளவு நகர்த்தினாலும் தாடை எலும்பு நகராது. ஆகவே முதலில் ஒன்று, ஒன்றரை வருடம் கம்பி, பிறகு தாடைச் சத்திரசிகிச்சை, அதன்பின் சில மாதங்கள் மீண்டும் கம்பி என்று திட்டம் போடுவோம்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய அந்தக் காலத்தில் பலருக்கு நித்திரை கெடுகிறது. ஆனால் பல்லு டொக்டரிடம் போய் நித்திரையைப் பற்றி என்ன கதைப்பது என்று விட்டுவிடுகிறார்கள். நானாகக் கேட்டால்தான் வெளியே வரும். "இரவில சரியா நித்திரை இல்லை டொக்டர். கம்பியாலதானே எண்டு பொறுத்துக்கொண்டு இருக்கிறன்."

அந்தப் பொறுமைதான் எனக்குக் கவலை. கம்பியால் கெடும் நித்திரை சில நாட்களில் தானாகத் திரும்பிவிடும். தாடையின் அமைப்பால் கெடும் நித்திரை திரும்பாது. அப்படி ஒன்று இருப்பது சத்திரசிகிச்சைத் திட்டம் போடும் முன்பே எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கம்பி வலிக்கு ஒரு கணக்கு உண்டு. கம்பி மாற்றிய சில மணித்தியாலங்களில் தொடங்கும், அடுத்த இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கும். வேரைச் சுற்றியுள்ள சவ்வில் ஏற்படும் சிறு அழற்சியால்தான் பல் நகர்கிறது, வலிப்பதும் அதே அழற்சியால்தான். படுக்கைக்குப் போக அரை மணித்தியாலம் முன் பரசிற்றமோல் எடுத்தால் பெரும்பாலானோருக்குப் போதும். வேறு நோயில்லாத வளர்ந்த ஒருவர் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, குறைந்தது 6 மணித்தியால இடைவெளி, நாளுக்கு 8 குளிசைக்கு மேல் இல்லை. ஐபுப்புரோபன் அந்த அழற்சியையே அடக்குவது என்பதால் அதை நான் முதலில் கொடுப்பதில்லை. கொடுப்பில் கம்பி உரசிப் புண் வந்தால் நாங்கள் தரும் மெழுகை ஒட்டுங்கள், இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரால் கொப்பளியுங்கள்.

பசியையும் கவனியுங்கள். பல் கூசுகிறது என்று இரவில் பாதி வயிற்றோடு படுப்பவர்கள் நடுச்சாமத்தில் எழும்பிவிடுகிறார்கள். உறைப்பான கூழோ குழம்போ புண்ணில் பட்டால் எரியும். சொதியில் ஊறிய இடியப்பம், குழைசோறு, பால்கஞ்சி நல்லது. நெடுந்தீவில் இருந்து வருபவர்கள் காலைப் படகைப் பிடிக்க இருட்டோடு எழும்பிக் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ் ஏறுகிறார்கள். அப்படி வந்து கம்பி மாற்றிப் போகும் நாளின் இரவு கஷ்டமாகத்தான் இருக்கும். அடுத்த நாள் பரீட்சையோ நேர்முகமோ இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திகதியை மாற்றலாம். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அந்த வாரங்களில் நான் புதுக் கம்பி போடுவதில்லை.

வலி அடங்கியும் நித்திரை வராமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் நன்றாக அறிவேன். தாடை பிழையான இடத்தில் இருக்கும்போது பற்கள் தாமாகச் சாய்ந்து அந்தப் பிழையை ஓரளவு மறைத்துக்கொண்டிருக்கும். சத்திரசிகிச்சைக்கு முந்திய கம்பி அந்தச் சாய்வை எடுத்துவிடுகிறது. எடுத்ததும் உள்ளே இருந்த பிழை முழுதாக வெளியே தெரியும். கீழ்ப்பல் 3 மில்லிமீற்றர் முன்னால் நின்ற ஒருவருக்கு அது 7 மில்லிமீற்றராகலாம். சிகிச்சை சரியாகத்தான் போகிறது, ஆனால் கண்ணாடி அப்படிச் சொல்வதில்லை. வீட்டுக்கு வரும் மாமியோ சித்தியோ "கம்பி போட்டு இன்னும் கெட்டுப்போச்சு" என்றுவிட்டுப் போவார்கள். கலியாணப் பேச்சு நடக்கும் வீடென்றால் அந்தப் பிள்ளை எப்படி நித்திரை கொள்ளும்? தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கம்பி போட்டிருப்பவர்களே, உங்கள் எக்ஸ்ரேயையும் பல் அச்சையும் காட்டி விளக்கும்படி எங்களிடம் கேளுங்கள். நேரமில்லை என்று நாங்கள் சொன்னால் அடுத்த தடவையும் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில், நாடிக்குப் பின்னால் பற்றியிருக்கிறது. தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால்தான் இருக்கும். விழித்திருக்கும்போது தசைகள் இறுகி மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் குழாயைக் காலால் மிதித்தது போல அந்த வழி நசிந்துபோகிறது. முதலில் குறட்டை, பிறகு சத்தமே இல்லாமல் ஒரு நிறுத்தம், அதன்பின் திணறிக்கொண்டு ஒரு பெருமூச்சு. மூளை ஒவ்வொரு தடவையும் நித்திரையைக் கலைத்துத்தான் மூச்சைத் திருப்பி எடுக்கிறது. காலையில் எழும்பும்போது அந்த நபருக்கு ஒன்றும் நினைவிருக்காது. தலையிடி, வாய் வறட்சி, பகலில் தூக்கம் மட்டும் மிஞ்சும். ரியூசனில் கண் சொருகுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவோம்.

உடல் பருத்தவர்கள்தான் குறட்டை விடுவார்கள் என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. பருமன் ஒரு பெரிய காரணம்தான். ஆனால் தாடை சிறுத்தவர்களில் மெலிந்த இளம் பெண்ணுக்கும் இந்தச் சுவாசத் தடை வரலாம். "இவளுக்கு எங்கே அதெல்லாம்" என்று விட்டுவிடுவதால்தான் பிந்திக் கண்டுபிடிக்கிறோம்.

பல் நறநறவென்று கடிபடுவதும் ஒரு தடயமாக இருக்கலாம். மனஅழுத்தத்தாலும் அது வரும், ஆனால் மூச்சுத் தடைப்பட்டு நித்திரை கலையும் சிலரிடமும் அதைக் காண்கிறோம். பகலில் கவனமாகச் சாப்பிடும் ஒருவருக்குக் காலையில் எழும்பும்போது பல்லில் ஒட்டியிருக்கும் கம்பியின் பொட்டுகள் திரும்பத் திரும்பக் கழன்றிருந்தால் இரவு எப்படிப் போகிறது என்று விசாரிப்பேன்.

நித்திரைப் பரிசோதனையில் 10 செக்கன் அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ ஒரு தடவை என்று எண்ணுவார்கள். வளர்ந்த ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு 5 தடவைக்குக் குறைவென்றால் சாதாரணம். 15 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பரிசோதனைக்கு முன் நான் பகல் தூக்கத்தை அளக்கும் எப்வேர்த் அளவுகோலைக் கொண்டு சில கேள்விகள் கேட்பேன். 1991இல் வெளிவந்த அதில் 8 நிலைமைகள் இருக்கின்றன. வாசிக்கும்போது, பகல் சாப்பாட்டுக்குப் பின் சும்மா இருக்கும்போது, ஒரு மணித்தியாலம் வாகனத்தில் பயணியாகப் போகும்போது தூங்கிவிடுவீர்களா என்பது போல. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 24, 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். கொழும்பு இரவு பஸ்ஸில் தூங்குவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது எல்லோரும் தூங்குகிற நேரம்.

இதைச் சத்திரசிகிச்சைக்கு முன் ஏன் அறிய வேண்டும்? நாடி முன்னால் நிற்பவருக்குக் கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் முகம் சரியாகும், கடியும் சரியாகும். ஆனால் நாக்கும் சேர்ந்து பின்னுக்குப் போகும், தொண்டை வழி ஒடுங்கும். சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் குறட்டையே தொடங்குகிறது. ஏற்கெனவே மூச்சுத் தடை இருப்பது தெரிந்தால் கீழ்த்தாடையைத் தள்ளும் அளவைக் குறைத்து, மேற்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் திட்டத்தை முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணருடன் பேசுவோம். அப்படி மாற்றினால் பற்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்ற எனது கம்பிக் கணக்கும் மாறும். ஒன்றரை வருடம் முடிந்த பிறகு தெரியவந்தால் சில வேளை செய்த வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டி வரும்.

தாடை சிறுத்தவர்களுக்கு நிலைமை எதிர்மாறு. தாடையை முன்னுக்குக் கொண்டுவரும்போது நாக்கும் முன்னுக்கு வந்து வழி திறக்கிறது. கடுமையான மூச்சுத் தடைக்கு இரண்டு தாடைகளையும் 10 மில்லிமீற்றர் அளவில் முன்னுக்கு நகர்த்துவதே ஒரு சிகிச்சையாக உலகெங்கும் செய்யப்படுகிறது.

மயக்க மருந்து நிபுணருக்கும் இது தெரிய வேண்டும். மயக்கத்துக்குப் பிறகு தொண்டைத் தசைகள் தளர்ந்திருக்கும், மூக்கும் முகமும் வீங்கியிருக்கும், பற்களை இலாஸ்ரிக் பிடித்திருக்கும். மூச்சுத் தடை உள்ளவருக்கு அந்த முதல் இரவுகளில் கூடுதல் கண்காணிப்பு ஒழுங்குசெய்ய வேண்டும்.

சரி, சத்திரசிகிச்சை வரும்வரை என்ன செய்வது? கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் குறட்டைக் கருவிகளை இந்தக் காலத்தில் போடுவது கடினம். பற்கள் நகர்ந்துகொண்டிருப்பதால் இன்று பொருந்துவது அடுத்த மாதம் பொருந்தாது. தேவையானவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் இயந்திரம் உதவும். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய முறை அது, கம்பியோடும் பாவிக்கலாம். பக்கவாட்டில் படுப்பதும் மூக்கடைப்புக்கு வைத்தியம் எடுப்பதும் பலருக்கு ஆறுதல் தரும்.

நித்திரைக் குளிசையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்திவிடும், மதுவும் அப்படித்தான். தடிமனுக்குக் கொடுக்கும் பிரிற்றனை நித்திரைக்காகப் போடும் பழக்கமும் இங்கே இருக்கிறது. அது வாயை வறட்டும். உமிழ்நீர் குறைந்த வாயில் கம்பியைச் சுற்றிப் பல் சொத்தையாவதும் முரசு வீங்குவதும் விரைவாக நடக்கும்.

அடுத்த கிளினிக்குக்கு வரும் முன், ஒரே அறையில் படுக்கும் ஒருவரிடம் உங்கள் நித்திரையைக் கைத்தொலைபேசியில் சில நிமிடங்கள் வீடியோ எடுக்கச் சொல்லி, அதைக் கொண்டுவாருங்கள். குறட்டையும் நடுவில் வரும் நிறுத்தமும் கேட்டால் போதும். அதைப் பார்த்துவிட்டுக் காது மூக்கு தொண்டை நிபுணருக்கோ சுவாச நோய் நிபுணருக்கோ கடிதம் தருவோம். வீடியோவில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பகல் தூக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

மூச்சுத் தடையோடு சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் குறட்டை நின்றுவிட்டது என்று இயந்திரத்தை உடனே நிறுத்திவிடக் கூடாது. வீக்கம் வற்றி எலும்பு பொருந்திச் சில மாதங்கள் போன பின் நித்திரைப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே நிறுத்துவதா என்று முடிவெடுப்போம்.