ஒரே கணக்கை எத்தனை முறை தருவது?

ஈராசிரியர் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியரான எனக்கு எழுத்தர் கிடையாது; தொடக்கப்பள்ளிகளுக்கு அப்படியொரு பணியிடமே இல்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளை உடன் பணியாற்றும் ஆசிரியை பார்த்துக்கொள்ள, ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகள் என் பொறுப்பு. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்காக 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டப்படி அவர்கள் தங்கள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து அமர்ந்திருப்பார்கள்; அரும்பு தொடக்க நிலை. ஒரு குழுவுக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டும் பயிற்சி நூலில் எழுதிக்கொண்டிருக்கும். நல்ல முறைதான், ஆனால் ஆசிரியர் வகுப்பை விட்டு நகராமல் இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

சென்ற பருவத்தில் ஒரு நாள் முற்பகல், அரும்பு நிலைச் சிறுமி ஒருத்தி 'பட்டம்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். 'ப'வும் 'ட்'டும் வந்துவிட்டன. அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஆதார் எண், வங்கிக் கணக்கு இல்லாத மாணவர் விவரத்தை வகுப்புவாரியாக, இனவாரியாக இணைப்பிலுள்ள படிவத்தில் நிரப்பிப் பகல் 12 மணிக்குள் அனுப்ப வேண்டும், எவரும் இல்லையெனில் இன்மை அறிக்கை அனுப்ப வேண்டும், மிக மிக அவசரம். படிவத்தை அனுப்பிவிட்டு வந்தபோது அவள் மறுபடி 'ப'விலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதற்குள் மதிய உணவுக்கு மணி அடித்துவிட்டது.

கேட்கப்பட்ட விவரங்கள் அனைத்தும் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் எங்கள் பள்ளியின் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தவை. கேட்டவரும் அதே தளத்தைத் திறந்து பார்க்கக்கூடியவர்தான். கணினி வந்ததால்தான் சுமை கூடியது என்று ஆசிரியர்களில் பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரு பிள்ளை வேறு ஊருக்குப் போனால் அவன் பெயரைப் பொதுத் தொகுப்பில் விடுவித்த உடனே புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடிகிறது. இடையில் படிப்பு நின்றால் தெரிந்துவிடுகிறது. கடிதம் எழுதிக் காத்திருந்த காலத்தை அறிந்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஒருமுறை கொடுத்த கணக்கை நம்பாமல் ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு படிவம் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் சுமை. போதாக்குறைக்கு, பதிவேற்றிய அதே விவரம் ஆய்வு நாளுக்கென்று பதிவேட்டிலும் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் யூடைஸ் பிளஸ் தளம் 2022-23 முதல் பள்ளியின் மொத்தக் கணக்கோடு நில்லாமல் மாணவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் கேட்கிறது. அங்கே ஆதாரிலுள்ளபடி பெயர் பொருந்த வேண்டும். எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும். ஆதாரிலோ பின்னால் நிற்கும், அல்லது தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். ஒரு புள்ளி இடம் மாறியதைச் சரிசெய்ய ஒரு தாய் நூறுநாள் வேலைக் கூலியை விட்டுவிட்டு ஆதார் மையத்தில் நிற்கிறார். அந்தக் கூலி எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் படிவம் நிரப்புவது பள்ளி நிர்வாகம் என்ற பெயரில் வருவதால் இந்தப் பிரிவு நமக்குக் கைகொடுப்பதில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று அதே சட்டத்தின் அட்டவணை வகுத்திருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் படிவத்தில் மூழ்கினால் பாதிப் பள்ளி ஆசிரியரின்றி இருக்கிறது. பெரிய மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர் பார்க்கும் வேலைக்கு இங்கே மூன்று வகுப்புகள் விலை.

அலுவலகங்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தளத்தில் உள்ளதைத் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இன்மை அறிக்கையை ஒழித்து, பதில் வராவிட்டால் இல்லை என்று கொள்ளலாம். உண்மையான அவசரம் தவிர மற்றவற்றை மாதத்தில் ஒரு குறித்த நாளில், பள்ளி நேரம் முடிந்தபின் கேட்கலாம். புதிய படிவம் எதையும் மாவட்டம் முழுவதற்கும் அனுப்புமுன் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நிரப்பச் சொல்லி, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். இந்தக் கடைசி ஒன்றைச் செய்தாலே பாதிப் படிவங்கள் வெளிவரா என்பது என் எண்ணம்.

நம் பக்கமும் ஒரு தவறு உண்டு. கேட்டவுடன் அனுப்பிவிட்டு அறைக்குள் புலம்புகிறோமே தவிர, 'இது எமிஸில் இந்தப் பகுதியில் உள்ளது' என்று மரியாதையாக ஒரு வரி எழுதுவதில்லை. சென்ற மாதத்திலிருந்து நான் எழுதுகிறேன். இரண்டு முறை 'சரி, நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தது. ஒரு முறை 'கேட்டதை மட்டும் அனுப்புங்கள்' என்று வந்தது, அனுப்பினேன். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டில் கேட்ட நாள், கேட்ட பிரிவு, முன்பே தளத்தில் இருந்ததா, எவ்வளவு நேரம் ஆனது, அப்போது எந்தப் பாடம் நின்றது என ஐந்து கட்டம் போட்டு எழுதி வருகிறேன். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தின் அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துச் செல்கிறேன். வருகிறவர்கள் ஒரு மாதத்துக்கேனும் இதேபோல் எழுதிக்கொண்டு வந்தால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாம்.