‘கொஞ்சம் வளரட்டும்’ என்று பிறவிக் குளுக்கோமாவைத் தள்ளிப்போடாதீர்கள்

எட்டு மாதக் குழந்தை. கருவிழி 13 மி.மீ., வெளிர்நீலமாகப் பூத்துக் கிடக்கிறது. இது பிறவிக் குளுக்கோமா, அதாவது கண்ணுக்குள் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறும் நோய் என்று பெற்றோருக்கு மூன்றாம் மாதமே தெரியும். ‘இத்தனூண்டு குழந்தைக்கு மயக்க மருந்தா? ஒரு வயசு ஆகட்டும்னு சொட்டு மருந்து விட்டோம்.’ இதே பதிலை எத்தனை தடவைதான் கேட்பது!

பிறவிக் குளுக்கோமாவுக்கு முதல் சிகிச்சையே அறுவைதான். சொட்டு மருந்து அறுவை நாள்வரை அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க மட்டுமே. வீட்டுப் பெரியவர்களின் பாட்டிலை எடுத்து விடுவதோ கொடுமை. பெரியவர்களின் குளுக்கோமாவுக்குத் தரும் பிரிமோனிடின் சொட்டு மருந்து இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது. குழந்தை துவண்டு மூச்சு நின்றுபோகலாம்.

காத்திருந்தால் கண் விரிகிறது. பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மி.மீ. தான், ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால், குளுக்கோமா இல்லை என்று உறுதியாகும்வரை விடக்கூடாது. விரியும்போது கருவிழியின் உட்சவ்வு கீறிக்கொள்ளும். பிறகு அழுத்தம் இறங்கினாலும் அந்தத் தழும்பு போகாது. ‘முட்டைக்கண்ணு, அழகு’ என்று கொஞ்சுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சீக்கிரம் அழுத்தத்தை இறக்கினால் பார்வை நரம்பில் விழுந்த குழி சின்னக் குழந்தைகளுக்குச் சுருங்குவதுண்டு. பெரியவர்களுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது.

கருவிழி தெளிவாக இருந்தால் கோனியோட்டமி: கோணத்தை, அதாவது கருவிழியின் உள்ளோரத்தில் கண்ணின் உள்நீர் வடியும் இடத்தை, காட்டும் லென்ஸை வைத்து, உள்ளிருந்தே வடிகால் வலையைக் கீறிவிடலாம். பூத்துவிட்டால் கோணம் தெரியாது. வெளியிலிருந்து, வலையைத் தாண்டி நீர் போய்ச் சேரும் ஷ்லெம் கால்வாயைத் தேடி, கருவியை நுழைத்து உட்பக்கமாகத் திருப்பித் திறக்க வேண்டும், அது டிரபெக்குலாட்டமி. விரிந்த கண்ணில் ஓரமெல்லாம் இழுபட்டு, அந்தக் கால்வாயைப் பிடிப்பதே பெரும்பாடு. அறுவைக்குப் பின் கருவிழிக்குப் பின்னால் லேசாக ரத்தம் தேங்கினால் பதறாதீர்கள், பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும்.

மயக்க மருந்து பரிசோதனைக்கே தேவைப்படும். அழுகிற குழந்தையிடம் அளக்கும் அழுத்தத்தை நம்ப முடியாது. தாய்ப்பாலை 4 மணி நேரம், பால்பவுடரை 6 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். தேதி போய்விடுமே என்று சளி, காய்ச்சலை மறைக்காதீர்கள்.

வெளிச்சத்தில் முகத்தைத் தோளில் புதைக்கிறதா? பீளை இல்லாமல் நீராக வடிகிறதா? கண்ணீர்க் குழாய் அடைப்பென்று மூக்கோரம் தடவிக்கொண்டிருக்காமல் கருவிழியை அளக்கச் சொல்லுங்கள். அடைப்பென்றால் பீளை கட்டும், வெளிச்சத்துக்குக் கூசாது.

அறுவையோடு தலைமுழுகிவிடாதீர்கள். கண்ணாடி, நல்ல கண்ணை மூடிப் பழக்கும் பயிற்சி, ஆண்டுக்கணக்கில் அழுத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. அடுத்த குழந்தை பிறந்தால், தயவுசெய்து முதல் வாரத்திலேயே கண்ணைக் காட்டிவிடுங்கள்.