பூமி தன்னைச் சரிசெய்துகொள்ளுமா?

மண் பரிசோதனைக்காக என்னிடம் மாதிரியோடு வரும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து விவசாயிகளிடம், அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் தாளைக் கொளுத்தாதீர்கள் என்று சொல்வேன். "பூமிக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியும் சார்" என்பார்கள். அந்த நம்பிக்கையில் அறிவியலும் இருக்கிறது. ஆனால் சரிசெய்வது யார், எவ்வளவு காலத்தில் என்பதை விட்டுவிடுகிறோம்.

1960களில் செவ்வாயில் உயிரைத் தேடும் வழிகளை நாசாவுக்காக ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக். பூமியின் காற்றில் ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றையொன்று தின்றுவிடும் இந்த வாயுக்கள் நீடிக்க வேண்டுமானால், உயிர்கள் அவற்றை ஓயாமல் வெளியிட வேண்டும். இந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்ததுதான், உயிர்களும் அவற்றின் சூழலும் சேர்ந்து பூமியை உயிர் வாழத் தகுந்த நிலையில் வைத்திருக்கின்றன என்னும் கையா கருதுகோள். 1970களில் உயிரியலாளர் லின் மார்குலிஸ் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். பூமியே ஓர் உயிர் என்ற பேச்சை உயிரியலாளர்கள் பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. உயிர்களும் பாறையும் காற்றும் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதில் மட்டும் எனக்கு ஐயமே இல்லை.

செட்டிநாட்டுச் செம்மண்ணையே பாருங்கள். அதன் சிவப்பு, இரும்பு ஆக்சைடு தந்தது. இரும்போடு சேர்ந்த ஆக்சிஜன் உயிர்கள் வெளியிட்டது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு மண்ணிலுள்ள ஈரத்தில் கரைந்து, மென்மையான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. அந்த வாயு நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டாக மாறி, ஆற்றோடு கடலுக்குப் போய், சிப்பி ஓடுகளிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அடைபடுகிறது. வெப்பம் கூடினால் அரிப்பும் கூடும், காற்றில் கரியமில வாயு குறையும், வெப்பம் தணியும்.

இந்தத் தணிவுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயுவோ, சில நூற்றாண்டுகளுக்குள் 420 பங்கைத் தாண்டிவிட்டது.

மண்ணுக்குள் இந்த வேலையைச் செய்யும் உயிர்களுக்குத் தாளும் சருகும்தான் இரை. அதைப் புகையாக்கிவிட்டு, பூமி பார்த்துக்கொள்ளும் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மக்கிய தாளும் சருகும் போன்றவை மண்ணில் சேர்க்கும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பரிசோதனை அட்டையில் 'குறைவு' என்று எழுதுகிறோம். நம் செம்மண்ணுக்கு அப்படி எழுதிய அட்டைகள் ஏராளம்.

தாளை மடக்கி உழுங்கள். நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் பருவத்தில் மண்ணோடு சேர்த்துவிடுங்கள். அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை வயலில் பரப்புங்கள். அடுத்த முறை உரமிடுவதற்கு முன், அதே வயலில் பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். கரிமம் ஏறியிருக்கிறதா என்று பழைய அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.