தேயிலை பிடுங்கிய மலையில் ஏன் புல்?

"தேயிலையப் பிடுங்கி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. மலை முழுக்கப் புல்லுதான் நிக்குது. கன்னு எப்ப நடுவாங்க?" ஹட்டன் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முன்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காட்டை வெட்டிக் கோப்பி பயிரிட்டார்கள். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது; பிறகு மலையெல்லாம் தேயிலை. பயிர்தான் மாறியது, சரிவு அதேதான். களையைச் சுரண்டியால் வழித்தபோது மேல்மண்ணும் கூடவே வந்தது. ஒரு ஏக்கரில் ஒரு சென்ரிமீற்றர் மண் கழுவுண்டால் அது ஏறக்குறைய 40 கன மீற்றர்.

பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மிஞ்சிய இறுகல் மண்ணில் உடனே கன்று நட்டால் வேர் இறங்காது. அதனால்தான் 18 முதல் 24 மாதம் வரை குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்கிறார்கள். புல்லை வெட்டும் ஒவ்வொரு முறையும் மண்ணுக்கடியில் நுண்வேர்களில் ஒரு பகுதி மடிகிறது. மடிந்த வேர் இருந்த இடம் நீரும் காற்றும் போகும் குழாயாகிறது. வேர் கசியும் பசையும் பூஞ்சை இழைகளும் மண்துகள்களைப் பொருக்காக ஒட்டவைக்கின்றன. புல் மறுபடி தழைக்கும், புதுவேர் விடும், மறுபடி வெட்டுவார்கள். இது எனக்கு அலுக்காத வித்தை. பார்க்க வேண்டுமானால் காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்லப் போடுங்கள். கெட்ட மண் சில நிமிடத்தில் கரைந்து சேறாகும். புல் வளர்ந்த மண் கட்டியாகவே கிடக்கும். மழைத்துளி விழும்போதும் இதேதான் நடக்கிறது.

கெடுவது இரண்டு இடத்தில். பழைய செடியைப் பிடுங்கும்போது பென்சில் தடிப்பு வேர்வரை பொறுக்கி எடுக்காவிட்டால், வேரழுகல் பூஞ்சை அதிலேயே தங்கிப் புதுக் கன்றைத் தாக்கும். அடுத்தது, வெட்டிய புல்லை அங்கேயே பரப்பாமல் மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது. மாட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் புல்லோடு பொட்டாசியமும் போகிறது, சாணம் திரும்பி அந்த மலைக்கு வருவதில்லை.

இந்தக் காலத்தில் அந்த மலையில் கொழுந்து இல்லை, வரும்படியும் இல்லை. அதனால்தான் சில இடங்களில் புல்லைத் தவிர்த்துவிட்டு நேரே மரக்கறிக்கோ டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரத்துக்கோ போய்விடுகிறார்கள். மீள்நடுகை மானியம் கன்றை மட்டும் எண்ணாமல் இந்தப் புல் மாதங்களையும் எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

புல் முடிந்ததும் சமவுயரக் கோட்டில் கான் (வடிகால்) வெட்டி, 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் கன்று வைப்பார்கள். ஏக்கருக்குச் சுமார் 5,400 பிடிக்கும்.