தொட்டா தாய்க்குருவி சேர்க்காதுன்னு யாருங்க சொன்னது?

மழை புடிச்சா போதும், வண்டிப்பெரியார், குமுளி பக்கத்து லயங்கள்ல, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புங்கள்ல இருந்து செருப்பு டப்பாவும் கையுமா ஆளுங்க என்கிட்ட வைத்தியத்துக்கு வந்துடுறாங்க. உள்ளே சீகாரப் பூங்குருவி குஞ்சு. அதாங்க, விடியக்காலையில ஓடைக்கரையில மனுஷன் மாதிரியே சீட்டி அடிக்குமே, மலையாளத்துல சூளக்காக்கன்னு சொல்றாங்களே, அது. பெருசுக்கு இருக்குற நெத்தி நீலம் குஞ்சுக்கு இருக்காது, பழுப்பா இருக்கும், அதனால மைனான்னு நெனச்சு தூக்கிட்டு வர்றாங்க. அலகோரத்துல பால் காஞ்சு ஒட்டியிருக்கும், அதப் பாத்தாலே எனக்கு பத்திக்கிட்டு வரும்.

ஏம்மா எடுத்தீங்கன்னா ஒரே பதில்தான், "பையன் தொட்டுட்டான் டாக்டர், இனி தாய் சேர்க்காது."

சேர்க்கும்மா! மனுஷ வாசனை பட்டுச்சுன்னு பெத்த குஞ்ச எந்தக் குருவியும் தள்ளி வைக்காது. பறவை ஆராய்ச்சி பண்றவங்க கூட்டுல இருந்து குஞ்ச எடுத்து, எடை போட்டு, கால்ல வளையம் மாட்டி திரும்ப வைக்குறாங்க, தாய் அடுத்த புழுவோட வந்து ஊட்டத்தான் செய்யுது. குஞ்சு கத்துற சத்தமும் பொளந்த வாயும்தான் அதுக்குக் கணக்கு. கை பட்ட குருவிய கூட்டம் கொத்தித் தொரத்தும்னு பாட்டி சொன்னதெல்லாம் புள்ளைங்க கூட்டுல கை வைக்காம இருக்கச் சொன்னது, அத வச்சு குஞ்ச வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க.

இன்னொன்னு, ரெக்கை மொளச்சு, வால் குட்டையா, தத்தித் தத்தி நடந்தா அது அனாதை இல்ல. நல்லா பறக்கத் தெரியுறதுக்கு முன்னாடியே கூட்ட விட்டு இறங்கிடும், தாய் பக்கத்துலதான் இருக்கும், நீங்க சுத்தி நின்னு போட்டோ எடுக்குறதால கிட்ட வராது. தள்ளிப் போங்க. பூனைய வீட்டுக்குள்ள அடைங்க. ரோட்டு நடுவுல இருந்தா பக்கத்துப் புதர்ல விடுங்க, அவ்ளோதான்.

ரெக்கை மொளைக்காத குஞ்சுன்னா கூட்டுலயே திரும்ப வைங்க. பாறை இடுக்கு, பாலத்தடி, சில நேரம் உங்க ஜன்னல் திட்டுலயே பாசியும் வேரும் வச்சு கட்டியிருக்கும். கூடு வெள்ளத்துல போயிருந்தா சின்னக் கூடையில காஞ்ச புல் போட்டு அதே இடத்துல மழை படாம கட்டித் தொங்க விட்டு, தூரத்துல நின்னு பாருங்க.

பால் வேணாம், சோறு வேணாம், தண்ணி சொட்டு விடவே விடாதீங்க, மூச்சுக்குழாய் வாய் நாக்கடியிலதான் இருக்கு, தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும். நண்டு, தவளை, பூச்சின்னு தின்னு வளர்ற ஜாதிங்க இது. குஞ்சு சில்லுனு இருந்தா முதல்ல சூடு, அப்புறம்தான் தீனி. பூனை கடிச்சிருந்தா காயமே தெரியலன்னாலும் அன்னைக்கே கொண்டு வாங்க, அதோட எச்சில்ல இருக்குற கிருமியே குஞ்ச கொன்னுடும்.

அப்புறம், நாங்களே வளர்க்குறோம் டாக்டர், நல்லா சீட்டி அடிக்கும்னு கேக்குறவங்களுக்கு: 1972 வன உயிரினச் சட்டத்துல குத்தம். என்கிட்ட கேக்காதீங்க, ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க.